சுமக்கத் தகுந்த கணினி

எங்கள் நங்கநல்லூரிலிருந்து ரிச்சி தெருவுக்கு மடிக்கணினி வாங்கப் புறப்படும் பிள்ளைகள், "ஐயா, பாடத்திற்கும் வேண்டும், சிறிது விளையாடவும் வேண்டும், எதை வாங்கலாம்?" என வினவுவதுண்டு.

நாள்தோறும் சுமக்கப் போகிறவர் நீங்கள். ஆதலால் முதலில் எடையைப் பாருங்கள். 14 அங்குலத் திரையும் 1.5 கிலோவுக்கு உட்பட்ட எடையும் ஏற்றவை; மின்னேற்றியின் எடையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். சதுரங்கம் முதலிய எளிய ஆட்டங்களுக்குத் தனி வரைகலைச் சில்லு வேண்டா. செயலியுடன் இணைந்ததே போதும். அது கணினியின் பொது நினைவகத்தையே பங்கிட்டுக் கொள்ளுமாதலின், 16 ஜிபி இருத்தல் நலம். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர்க் கூட்ட இயலாது. பெற்றோர் சேமித்த பணத்தைக் கொடுக்குமுன் இதனைக் கேட்டறியுங்கள்.

மெல்லிய உடலில் வெப்பம் வெளியேற இடம் குறைவு. நெடுநேரம் ஆடினால் வேகம் தளரும். அப்போது கணினிக்கும் கண்களுக்கும் ஓய்வு கொடுங்கள்.