நாகைக் கடற்கரையும் புயலும்



கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஸ்ரீராம்புரத்தில் வாழும் நமக்குப் புயல் என்பது இரண்டு நாள் தூறலும் குளிர்காற்றுமே. ஆயினும் நம்மவருள் சிலருடைய உற்றார் உறவினர் நாகைக் கடற்கரையிலே வாழ்கின்றனர். ஆதலின் அக்கரையின் புயல் வரலாற்றை இன்று சிந்திக்க விழைகின்றோம்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்களிலும் வங்கக் கடல் வெம்மை தணிவதில்லை. அங்கு தோன்றும் தாழ்வழுத்தத்தை நோக்கி விரையும் காற்று, புவியின் சுழற்சியால் இடஞ்சுழியாகச் சுழன்று புயலாகின்றது. கரையருகே ஆழம் குறைவாதலின், காற்றுத் தள்ளிவரும் கடல்நீர் பொங்கி ஊருக்குள் புகுகின்றது. காற்றினும் கொடியது அந்நீரே.

1952 நவம்பர் 30ஆம் நாள் நாகை அருகே கரை கடந்த புயல், நூற்றுக்கணக்கானோரைப் பலி கொண்டது. 1955 டிசம்பர் முதல் நாள் இராசாமடம் பகுதி தாக்குண்டது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில், தெற்கே தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு தொடர்வண்டியையே கடல் விழுங்கியது. 1977 நவம்பர் 12ஆம் நாள் மீண்டும் நாகை. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு வாரம் கழித்து ஆந்திரத்துத் திவிசீமையில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

2018 நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே வந்தது ‘கஜா’. இலங்கை சூட்டிய இப்பெயருக்கு யானை என்பது பொருள். இம்முறை வானிலைத் துறை முன்னரே எச்சரித்தது. 80,000 பேருக்கு மேல் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிரிழப்பு 1977ஆம் ஆண்டின் அளவை எட்டவில்லை. அறிவியல் பெற்றுத் தந்த பெரு வெற்றி இது.

எனினும், மனிதரை முகாமுக்கு அழைத்துச் செல்லலாம். தென்னையை அழைத்துச் செல்ல இயலுமோ? இலட்சக்கணக்கான தென்னைகள் ஓரிரவில் வீழ்ந்தன. உயிர் பிழைத்த உழவர் விடிந்ததும் வாழ்வை இழந்து நின்றார். புதுக்கன்று காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். நாம் அனுப்பும் அரிசியும் போர்வையுமோ, ஐந்தாறு நாட்களுக்கே போதும்!

ஆகவே நம் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே, ஊரிலுள்ள முதியோரிடம் தொலைபேசியில் பேசி, வீட்டைவிட்டு வெளியேறச் செய்யுங்கள். ‘போகமாட்டேன்’ என்னும் பாட்டியும் பேரன் சொல்லுக்கு இணங்குவார். அடுத்து, புயல் தணிந்த மாதத்தோடு கைகழுவி விடாமல், நட்ட கன்று காய்க்கும் வரை ஒரு குடும்பத்திற்கேனும் துணை நில்லுங்கள். காற்று ஓய்ந்த பின்னும் துன்பம் ஓய்வதில்லை. நம் துணையும் ஓயலாகாது.