பெனலோப்பி காத்த வீடு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. ஒரு கதை சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

கிரேக்க நாட்டுக் கதை. ஹோமர் பெயரில் வழங்கும் ‘ஒடிசி’ என்ற காவியம். இத்தாக்கா தீவின் ராஜா ஒடிசியஸ் டிராய் சண்டைக்குப் போறான். சண்டை 10 வருஷம், வீடு திரும்ப இன்னொரு 10 வருஷம். ஒற்றைக்கண் அரக்கன், புயல், காலிப்ஸோ என்கிற தேவதையின் தீவில் மட்டும் 7 வருஷம். அதையெல்லாம் ஊரே சொல்லும். நான் வீட்டுக்குள்ள நடந்ததைச் சொல்றேன்.

கைக்குழந்தையோடு தனியா நின்றவள் அவன் மனைவி பெனலோப்பி. இவ்வளவு வருஷம் ஆச்சு, புருஷன் செத்திருப்பான் என்று சொல்லி, அவளைக் கட்டிக்க 108 பேர் வந்து வீட்டிலேயே உட்கார்ந்துட்டாங்க. தினமும் அவள் வீட்டு ஆடு, மாடு, பன்றியை அறுத்து விருந்து. அவள் வீட்டு மது. 108 பேருக்கு இலை போட்டுப் பாருங்க, தெரியும்! கேட்க நாதியில்லை. ஒருநாள் கூடத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாள். பெத்த மகன் டெலிமாக்கஸ், உள்ளே போய்த் தறியைப் பாருங்க, பேச்சு ஆம்பளைங்க காரியம்னு அனுப்பிட்டான். அவனுக்கு இருபது வயசு இருக்கும்.

தறியைத்தான் பார்த்தாள். மாமனார் சாவுக்குப் போர்த்த ஒரு துணி நெய்யணும், அது முடியட்டும், பிறகு பதில் சொல்றேன் என்றாள். பகலில் நெய்தாள், ராத்திரி தீவட்டி வெளிச்சத்தில் பிரித்தாள். மூன்று வருஷம்! நெசவு தெரிந்தவங்க இங்கே இருக்கீங்க, நெய்ததைப் பிரிக்க எவ்வளவு பொறுமை வேணும்னு உங்களுக்கே தெரியும். நாலாம் வருஷம் ஒரு வேலைக்காரி காட்டிக் கொடுத்துட்டாள்.

ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்தான். கால் கழுவும்போது பழைய தழும்பைப் பார்த்து, வளர்த்த தாதி கண்டுபிடிச்சுட்டாள். வந்திருந்த ஆண்களைக் கொன்றான். அதுக்கப்புறம் நடந்தது எனக்கு ஒப்பவே இல்லை. அவங்களோட படுத்தாங்கன்னு 12 அடிமைப் பெண்களை, முதல்ல ரத்தத்தைக் கழுவ வச்சு, பிறகு தூக்கில் போட்டாங்க. அடிமைப் பெண் முடியாதுன்னு சொல்லியிருக்க முடியுமா? பெனலோப்பி அப்போ மாடியில் தூங்கிட்டிருந்தாள். அவளை யாரும் கேட்கலை.

எழுந்து வந்தவள், புருஷன்தான்னு எல்லாரும் சொல்லியும் நம்பலை. அவன் காதில் விழும்படி, எங்க கட்டிலை வெளியே கொண்டுவந்து போடுன்னு தாதிகிட்ட சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்தது. வேரோடு நிற்கிற ஒலிவ மரத்தையே காலாக வைத்து நான் செய்த கட்டில் ஆச்சே, அதை யார் நகர்த்தினதுன்னு கத்தினான். அப்புறம்தான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு அதீனா தெய்வம் விடியலைத் தடுத்து வைத்ததாம். இருபது வருஷக் கதையை ரெண்டு பேரும் பேசணுமே. முதல்ல தான் பட்டதைச் சொன்னது பெனலோப்பி.