எண்ணிக்கையும் நம் உரிமையும்

(கடற்கரைத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



புள்ளிவிவரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயற்குழு எங்களைக் கேட்டுக்கொண்டது. "அது படித்தவர் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று சிலர் எண்ணலாம். அப்படி எண்ணியதால் நாங்களே ஒருமுறை தலைகுனிய நேர்ந்தது. அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக பஸ் வேண்டுமென்று மனு எழுதிக்கொண்டு, எங்கள் தோட்டத்திலிருந்து மூவர் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மனு நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது. அதிகாரி அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளைகள் எத்தனை பேர்?" எங்களில் ஒருவர் அறுபது என்றார். மற்றவர் எண்பது என்றார். மூன்றாமவர், "நூறு இருக்கும்" என்றார். அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்து, "எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றார். குற்றம் அவருடையதல்ல, எங்களுடையது.

தோழர்களே! நாள்தோறும் விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணுகிறவர்கள் நாம். யார் எந்த நிரையில் வெட்டினார், எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார், ஒட்டுப்பால் எவ்வளவு என்று எழுதுகிறவர்கள் நாம். நிர்வாகத்துக்குத் தேவையான கணக்கில் ஒரு புள்ளி பிசகுவதில்லை. நமக்குத் தேவையான கணக்கு மட்டும் நம்மிடம் இல்லை! இந்த நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் பேச்சின் சாரம்.

நாம் வாழும் கரையை எடுத்துக்கொள்வோம். பெர்ணம் ஆற்றிலிருந்து தெற்கே சபாக் பெர்ணம், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், ஜெராம் என்று நீளும் கரை இது. கடலோரத்தில் சீன மீனவர் கம்பங்கள் இருக்கின்றன. அவற்றின் பின்னே சுமார் 19,000 ஹெக்டேர் நெல்வயல். அங்கே உழுபவர்களில் ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்து குடியேறிய மலாய்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் பலர். அதற்கும் பின்னே தென்னை, செம்பனை, மிச்சமிருக்கும் பால்மரம். அங்கே நாம் இருக்கிறோம். நம்மோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். இத்தனை பேரும் சேர்ந்ததுதான் இந்தக் கரை. நம்மை மட்டும் எண்ணினால் கரையின் நிலை விளங்காது. கரையை மொத்தமாக எண்ணினாலோ நம் நிலை மறைந்துபோகும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில் ஜனத்தொகையைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டுக் கணக்கில் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் சுமார் 2 லட்சத்து 5 ஆயிரம் பேர் இருந்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. இதைப் படிப்பவர், "கடற்கரை வளர்கிறது, ஆட்கள் வந்து குவிகிறார்கள்" என்றுதானே சொல்வார்? ஆனால் நம் லயங்களைப் பாருங்கள். வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இளைஞர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்விட்டார்கள். அப்படியானால் கணக்குப் பொய்யா?

பொய்யில்லை. கோல சிலாங்கூர் மாவட்டம் கடலோரத்தோடு முடிவதில்லை. உள்நாட்டில் பூன்சாக் ஆலாம் என்ற புதிய நகரம் எழுந்திருக்கிறது. பல்கலைக்கழக வளாகமும் வீடமைப்புத் திட்டங்களும் அங்கே வந்திருக்கின்றன. மாவட்டத்தின் எண்ணிக்கை ஏறியதற்குப் பெருங்காரணம் அதுவே. பக்கத்திலுள்ள சபாக் பெர்ணம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட புதிய நகரம் எதுவும் இல்லை. அங்கே இரண்டு கணக்கிலும் எண்ணிக்கை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டி, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடற்கரையின் உண்மை நிலை இதில்தான் அதிகம் தெரிகிறது.

ஆகவே முதற்பாடம் இது: மாவட்டத்தின் மொத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. கோல சிலாங்கூரில் ஒன்பது முக்கிம்கள் இருக்கின்றன. எந்த முக்கிமில் ஏறியது, எந்த முக்கிமில் இறங்கியது என்று கேட்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். தொகுதியின் எல்லை வேறு, மாவட்டத்தின் எல்லை வேறு. இந்த ஒரே மாவட்டத்தில் கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஒரு கணக்கைத் தொகுதியிலிருந்தும் மற்றொரு கணக்கை மாவட்டத்திலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால், ஒருவர் சட்டையை மற்றவர் உடம்புக்கு அளந்த கதையாகிவிடும்.

இரண்டாவதாக, யாரை எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் 3 கோடியே 24 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேல் குடியுரிமை இல்லாதவர்கள். பிரஜைகளில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. நூற்றுக்கு 75 பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். இவை நாட்டின் கணக்கு. நம் செக்ரோலோ வேறு வகை. அது வேலைக்கு வந்தவரை மட்டுமே அறியும். கைக்குழந்தையை அறியாது, ஓய்வு பெற்ற தாத்தாவை அறியாது, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாயை அறியாது. செக்ரோலில் ஐம்பது பேர் என்றால் தோட்டத்தில் ஐம்பது பேர் என்று ஆகிவிடாது. கிராணிமார்களாகிய நாமே இந்தத் தவறைச் செய்திருக்கிறோம்.

எண்ணப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் சரித்திரம் காட்டுகிறது. 1931ஆம் ஆண்டுக் கணக்கில் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் இந்தியர் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர். பதினாறு ஆண்டுகள் கழித்து 1947இல் எடுத்த கணக்கில் 6 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. மலாய்க்காரரும் சீனரும் பெருகிய அதே காலத்தில் நாம் மட்டும் குறைந்தோம். ஏன்? 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசாங்கம், உதவிப் பயணத்தில் தொழிலாளர் இங்கு வருவதை நிறுத்தியது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் நம் மக்களைத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயரும் கல்லறையும் உண்டு. நம் பாட்டன்மார் எத்தனை பேர் அங்கே மடிந்தார்கள் என்பதற்கு உறுதியான பேரேடு இல்லை. எண்ணப்படாதவனுக்கு நஷ்டஈடும் இல்லை. தோழர்களே, இதை நாம் மறக்கலாகாது.

மூன்றாவதாக வருமானம். இங்கே 'சராசரி' என்ற சொல்லில் ஏமாந்துவிடக் கூடாது. ஒரு பேச்சுக்கு ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடுகளில் மாதம் 2,000 வெள்ளி. ஐந்தாவது வீடு மீன்பிடிப் படகுகள் வைத்திருக்கும் முதலாளியுடையது. அங்கே 22,000 வெள்ளி. மொத்தம் 30,000; சராசரி 6,000. அந்தக் கம்பத்தில் 6,000 வெள்ளி பார்க்கும் வீடு ஒன்றுகூட இல்லை! அதனால்தான் வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்கும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் நடுவீட்டின் வருமானம் 2,000 வெள்ளி. அதுதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

சிலாங்கூர் மாநிலத்தில் 2022ஆம் ஆண்டில் குடும்ப வருமானத்தின் சராசரி மாதம் 12,233 வெள்ளி. நடுவீட்டின் வருமானம் 9,983 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமோ 2025 பிப்ரவரியிலிருந்துதான் 1,700 வெள்ளி ஆயிற்று. கணவன் மனைவி இருவரும் அந்தச் சம்பளத்துக்கு உழைத்தால் 3,400 வெள்ளி. மாநிலத்தின் நடுவீடு பெறுவதில் இது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். "சிலாங்கூர் பணக்கார மாநிலம்" என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டாம். "ஆமாம் ஐயா, எங்கள் தோட்டம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது, பாருங்கள்" என்று கணக்கைக் காட்டுவோம்.

அளவுகோலையும் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் நாட்டில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு அரைகூட இல்லை, 0.4 மட்டுமே என்று கணக்குச் சொல்லிற்று. பின்னர் 2020இல் வறுமைக் கோட்டை 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். புதிய கோலால் அளந்தபோது அதே 2016ஆம் ஆண்டின் கணக்கு நூற்றுக்கு 7.6 ஆயிற்று. ஒரே இரவில் ஒருவரும் ஏழையாகிவிடவில்லை. ஏற்கெனவே ஏழையாக இருந்தவர்கள் அப்போதுதான் கணக்கில் ஏறினார்கள். எண்ணைப் பார்க்குமுன் அதை அளந்த கோலைப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக, கரையின் தொழில். நெல்லுக்கும் மீனுக்கும் செம்பனைக்கும் டன் கணக்கு உண்டு. ஆனால் விளைச்சல் கூடினால் உழைப்பவன் வாழ்வும் உயரும் என்பதில்லை. இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரத்தில்தான் நடப்பட்டது. 1960இல் நாட்டில் செம்பனை சுமார் 54,000 ஹெக்டேர்தான். 2020இல் அது 58 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். பால்மரத்துக்கு வேண்டிய அளவு ஆள் செம்பனைக்கு வேண்டியதில்லை. ஆகவே ஏக்கர் குறையாமலேயே ஆள் குறைந்தார்கள். ஏற்றுமதிக் கணக்கு ஏற ஏற, லயத்துக் கணக்கு இறங்கியது.

மீனவர் பக்கமும் இதே பாடம்தான். கெராங் என்று நாம் வாங்கிச் சாப்பிடும் சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் நாடெங்கும் சுமார் 78,000 டன் கிடைத்தது. 2015இல் சுமார் 16,000 டன்னாகச் சுருங்கிவிட்டது. நம் கரைச் சேற்றில் கெராங் வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் என்ன ஆயின என்பதை டன் கணக்குச் சொல்லாது. அதை அந்தக் குடும்பங்களிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அவர்கள் வேறு இனம், வேறு தொழில் என்று ஒதுங்கியிருப்பது முறையல்ல. ஆற்று நீர் கெட்டால் அவர்களுக்கும் கேடு, நமக்கும் கேடு.

கடைசியாகப் பள்ளிக்கூடம். 1957இல் நாட்டில் தமிழ்ப் பள்ளிகள் 888 இருந்தன. இன்று 530க்குள் இருக்கின்றன. 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் 'மாணவர் குறைந்த பள்ளி' என்ற பட்டியலில் சேர்க்கிறார்கள். பள்ளியை வேறிடம் மாற்றலாமா, வைத்திருக்கலாமா என்ற பேச்சு எழும்போது முதலில் கேட்கப்படுவது பிள்ளைகளின் எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கை ஏன் குறைந்தது? பிறப்புக் குறைந்ததா, குடும்பங்கள் போய்விட்டனவா, அல்லது பிள்ளைகள் இருந்தும் தூரத்தால் வரவில்லையா? மூன்றுக்கும் மூன்று பரிகாரம். காரணம் தெரியாமல் போராடினால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும்.

எங்கள் மனு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் எண்ணினோம். நாங்கள் மூவரும் சொன்ன மூன்று எண்ணிலும் குறைந்ததைவிட உண்மை குறைவாக இருந்தது. வெட்கமாகிவிட்டது. "கூட்டி எழுதினால் என்ன?" என்று ஒருவர் கேட்கவும் செய்தார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒருமுறை பொய் எண் கொடுத்தால் அடுத்த முறை நம் மெய் எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளி வயதில் எத்தனை பேர், அவர்களில் நின்றுவிட்டவர் எத்தனை பேர், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று உள்ளபடி எழுதிக் கொடுத்தோம். பஸ் கிடைக்கவில்லை. ஒரு வேன் கிடைத்தது. நின்றுவிட்ட பிள்ளைகளில் சிலர் திரும்பப் பள்ளிக்குப் போனார்கள்.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில் எண்ண வேண்டும். வீடுகள் எத்தனை, பூட்டியவை எத்தனை. ஆண், பெண், குழந்தை, முதியோர் எத்தனை. வேலையில் இருப்பவர் யாரிடம், என்ன வேலையில். பள்ளி போகிறவர், நின்றவர். இந்த ஆண்டு வந்த குடும்பம், போன குடும்பம். இவ்வளவு போதும். பிறகு அதைப் புள்ளிவிவரத் துறை வெளியிடும் மாவட்டக் கணக்கோடும், 'கவாசான்கூ' என்ற அதன் தொகுதிக் கணக்கோடும் வைத்துப் பாருங்கள். அதை உங்கள் பிள்ளைகள் கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டுவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தோட்டத்தின் செக்ரோலைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்க வேண்டாம்; கிராணிமார்களின் வேலைக்கும் சங்கத்தின் பெயருக்கும் அது ஆகாது. வீட்டு வாசலில் நின்று, கேட்டுப் பெறுவதே நம் வழி. அடுத்து, பத்திரம் இல்லாதவரையும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவரையும் எண்ணுங்கள், ஆனால் பெயரை வெளியே கொடுக்காதீர்கள். நம்மை நம்பிக் கதவைத் திறந்தவரைக் காட்டிக் கொடுக்கும் கணக்கு நமக்கு வேண்டாம்.

கணக்குத் தானாகச் சம்பளத்தை உயர்த்தாது. பேச வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் பேச்சுமேசையில் எதிரே இருப்பவரிடம் எண்ணும், நம்மிடம் மனக்குறையும் மட்டும் இருந்தால் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் பிரட்டில் மற்றவருக்காக எண்ணும் நாம், ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்காகவும் எண்ணுவோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!