விரியன் தந்த மாத்திரை

கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் மாத்திரையோடு திரும்புகிறவருக்கு, அதன் பூர்வீகம் பிரேசில் நாட்டு ஜரராக்கா விரியன் என்றால் நெஞ்சு படபடக்கும். பயம் வேண்டாம், மாத்திரையில் விஷம் துளியும் இல்லை. நஞ்சில் கிடைத்த புரதத் துணுக்கு அழுத்தத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் விழுங்கினால் குடல் அதைச் செரித்துவிடும், ஊசிதான் வழி. எனவே அது வேலைசெய்யும் விதத்தைப் பார்த்து, செரிமானத்துக்குத் தப்பும் சிறு மூலக்கூறாக கேப்டோப்ரிலைச் செய்தார்கள். 1981-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. எனலாப்ரில் அதன் தம்பி.

அப்படியானால் விஷப் புரதமே உதவாதா என்றால், கீலா பல்லியின் நச்சு உமிழ்நீர் வழிவந்த நீரிழிவு மருந்து எக்செனடைட் இருக்கிறது. நம் உடலில் இதே வேலையைச் செய்யும் ஜிஎல்பி-1 ஹார்மோன் ரத்தத்தில் இரண்டே நிமிடங்களில் பாதியாகிவிடும். அதைச் சிதைக்கும் நொதிக்குப் பிடிகொடுக்காத எக்செனடைட் பாதியாக இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஆனாலும் இதுவும் ஊசிதான். கடைசியில் சிறுநீரகமே இதை வெளியேற்றுவதால், சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ஆகாது.