இடுப்பு வலியும் களைக்கொத்தின் காம்பும்



இன்று மருந்து மாத்திரை பற்றி நான் பேசப்போவதில்லை. உங்கள் வீட்டு இறவாணத்தில் செருகி வைத்திருக்கிறீர்களே களைக்கொத்து, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கடலைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வந்த ஓர் அம்மாள், "இடுப்பு விட்டுப்போவுதுங்க" என்றார். "வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். "சொல்லி என்னங்க ஆவப்போவுது? பொம்பளைன்னா இடுப்பு வலி இருக்கத்தானே செய்யும்" என்றார்.

அது தவறு, அம்மா. பெண்ணாய்ப் பிறந்ததால் வந்த வலி அல்ல அது. ஒரு முழக் காம்பைப் பிடித்து நாள் முழுவதும் குனிந்ததால் வந்த வலி.

குனியும்போது தலை, தோள், மார்பு இவற்றின் பாரத்தையெல்லாம் கீழ்முதுகுத் தசைகளே இழுத்துப் பிடிக்கின்றன. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் தட்டுகள் நசுங்குகின்றன. கர்ப்பிணிக்கோ வயிற்றுப் பாரமும் முன்னால் இழுக்கும். மூட்டுகளைக் கட்டும் நார்களும் தளர்ந்திருக்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதே குட்டைக் காம்புக் கொத்தினால் பண்ணைத் தொழிலாளர் பலரின் முதுகு கெட்டது. 1975-இல் அங்கே அதற்குத் தடையே வந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை:

1. நிமிர்ந்து நின்றால் தோளுயரம் வருகிற காம்பு போடுங்கள். நின்றபடி இழுத்தால் அலகு மண்ணில் படிய வேண்டும். அதற்கேற்பக் கொல்லரிடம் வளைத்துக்கொள்ளுங்கள்.

2. காம்பைப் பிடித்தால் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். வேலை செய்பவர் மனைவி என்றால் அவர் கையைத்தான் அளவு பார்க்க வேண்டும். சிராய் இல்லாமல் இழைத்து வாங்குங்கள்.

3. கொத்தோ அரிவாளோ, தீட்டி வையுங்கள். மழுங்கிய அரிவாளுக்கு அதிக பலம் கொடுக்கிறோம். அதுதான் வழுக்கிக் கையை வெட்டுகிறது.

4. செடியோரக் களையை உட்கார்ந்து பிடுங்குங்கள். அவ்வப்போது எழுந்து நிமிர்ந்துகொள்ளுங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். சிறுநீர் அடக்க முடியாமலோ, கழிக்க முடியாமலோ போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஐயா, இன்று இரவு உங்கள் மனைவியிடம் "இடுப்பு வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "ஆமாங்க" என்றால், நாளைக் காலையில் கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லர் பட்டறைக்கு நீங்களே போய் வாருங்கள்.

ஆளுக்குத் தக்க கருவி. அதுவே குடும்ப நலம்.