பேரணையைப் பேணுவோம்



வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து நம்மவர் வயல்களுக்குப் பெரியாற்றுக் கால்வாய் வழி நீரைத் திருப்பித் தருவது, வைகையின் குறுக்கேயுள்ள பேரணையாம். 1890-களில் பெரியாற்றுத் திட்டத்தின் உறுப்பாய் எழுந்த அவ்வணை, நூற்றாண்டு கடந்து முதுமையுற்றது.

அணைக்குக் கேடு பெரும்பாலும் அடியில் தொடங்குகின்றது. கீழ்ப்புறத்து மணலை அள்ளினால் படுகை தாழும். வீழும் நீர் அடித்தளத்தை அரிக்கும். மதகின் இரும்புக் கதவு துருவேறினால் வெள்ளத்தில் திறவாது. சுவரில் வேரூன்றிய அரசங்கன்று பிளவை விரிக்கும்.

செப்பனிடுதல் அரசினர் கடன். கண்டு அறிவித்தல் நம் கடன். முன்னோரின் குடிமராமத்தை அரசினர் 2017-இல் மீண்டும் தொடங்கினர், நாம் தொடங்கினோமா? நம்மவருள்ளும் மணல் அள்ளுவோர் உளர் என்பதை மறைத்தல் அழகன்று. முதலில் அவரைத் தடுப்போம். ஐப்பசி மழைக்கு முன் ஊர்க்கு இருவராய்ச் சென்று பார்த்து, கண்ட குறைகளைப் பொறியாளர்க்கு எழுதுவோமாக.