தவறுகளையும் எண்ணுவோம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஜெப்பர்டி' என்றொரு வினாடி வினா நிகழ்ச்சி உண்டு. 1964-இல் தோன்றி, இடையில் நின்று, 1984 முதல் தொடர்ந்து நடைபெறுகிறது. அங்கே விடை போன்ற குறிப்பைத் தருவார்கள். அதற்குரிய வினாவையே போட்டியாளர் கூற வேண்டும். முதல் இரு சுற்றுகளிலும் ஆறு தலைப்புகள். தலைப்புக்கு ஐந்து குறிப்புகள்.

அந்நிகழ்ச்சியில் நாட்டம் கொண்ட அன்பர்கள் சிலர், ஒளிபரப்பான குறிப்புகளை இலட்சக்கணக்கில் தொகுத்து வைத்தனர். ரோஜர் கிரெய்க் என்னும் கணிப்பொறி அறிஞர் அத்தொகுப்பைக் கணிப்பொறியின் துணையால் பொருள்வாரியாகப் பகுத்தார். எப்பொருள் அடிக்கடி வருகிறது, எதில் தாம் தடுமாறுகிறோம் என்று அளந்தார். அடிக்கடி வருவதாகவும் தமக்கு வாராததாகவும் இருந்தவற்றை விரும்பிப் படித்தார். 2010-இல் ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர் வென்றார். அதுவரை எவரும் எட்டாத தொகை அது.

ஓர் ஆட்டத்தில் மூன்று கட்டங்களில் பந்தயம் வைக்கும் வாய்ப்பு மறைந்திருக்கும். பழைய ஆட்டங்களை எண்ணிப் பார்த்தோர், அவை மேல்வரிசையில் அரிதாகவும் கீழ்வரிசைகளில் மிகுதியாகவும் இருக்கக் கண்டனர். 2019-இல் ஜேம்ஸ் ஹோல்சாவர் கீழ்வரிசையிலிருந்தே தொடங்கிப் பெரும் பந்தயம் வைத்து 32 ஆட்டங்களில் வென்றார். ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலர் ஈட்டினார். ஆயினும் அவரும் நூலகத்தில் சிறுவர் நூல்களைப் படித்தே அறிவைத் திரட்டினார் என்பதை மறத்தலாகாது. எண்ணிக்கை அறிவுக்கு ஈடாகாது. அறிவு எங்கே குறைகிறது என்பதைக் காட்டும்.

நம் இல்லங்களில் என்ன செய்கிறோம்? மதிப்பெண் தாள் வந்ததும் மொத்தத்தைப் பார்க்கிறோம். அண்டை வீட்டுப் பிள்ளையின் மொத்தத்தோடு ஒப்பிடுகிறோம். தவறிய கணக்குகள் எவ்வகையின என்று எண்ணுவதில்லை. பிள்ளையோ தனக்கு எதுவுமே வராது என்று நம்பிவிடுகிறது.

தமிழின் நிலையும் அதுவே. "பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை" என்று பெருமூச்சு விடுகிறோம். எது வரவில்லை? லகர ழகர ளகர வேறுபாடா? ரகர றகரமா? ஒற்று மிகும் இடமா? நாம் எண்ணியதில்லை.

இவ்வாண்டு முதல் நம் தமிழ் வகுப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குறிப்பேடு வைப்போம். தவறுகளைக் கண்டிப்பதற்கன்று, கண்டறிவதற்காகக் குறிப்போம். அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்ப்போம். தாய்மொழியைப் பிள்ளைகள் கையில் சேர்ப்பது நம் கடமை.